கக்கிய பாம்புக்கு மறுநாளே இரை வைக்காதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, நான் வளர்க்கும் பாம்பு முந்தாநாள் வைத்த எலியைக் கக்கிவிட்டது. பசிக்குமே என்று நேற்றே இன்னொன்று வைத்தேன். அதையும் கக்கிவிட்டது." கேட்டதும் எனக்குப் படபடத்தது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு, அதே காரணத்தோடு.

இடுக்கியால் கொடுங்கள், எலி வாசனையுள்ள கையைப் பெட்டிக்குள் விடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன். நான் பேசுவது கார்ன் ஸ்னேக், பால் பைத்தான் (பந்துபோல் சுருண்டுகொள்ளும் சிறு மலைப்பாம்பு) போன்ற, வீட்டில் வளர்க்கும் நஞ்சில்லாத பாம்புகளைப் பற்றி மட்டும்.

கக்கியதும் மறுபடி இரை வைப்பது

என்னிடம் பென்சில் பருமனில் ஒரு கார்ன் ஸ்னேக் குட்டி இருந்தது. சாப்பிட்ட மறுநாளே அதைக் கையில் எடுத்தேன். இரவில் பார்த்தால், பாதி செரித்த எலிக்குஞ்சு வெளியே கிடந்தது. பட்டினியாக இருக்குமே என்று பதறி, இரண்டாம் நாளே அதே அளவில் இன்னொன்று வைத்தேன். ஆசையாகப் பிடித்து விழுங்கியது. நான் ஏமாந்தது அங்கேதான். விழுங்க ஆசை இருக்கும், செரிக்கத் தெம்பு இருக்காது. மூன்றாம் முறை கக்கிய பிறகு அது பிழைக்கவில்லை. இன்று நினைத்தாலும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கக்கும்போது இரையோடு வயிற்று அமிலமும் மேலே வந்து உணவுக்குழாயைப் புண்ணாக்குகிறது. உடலின் நீரும், செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களும் வீணாகின்றன. இது தேறுவதற்குள் அடுத்த இரை போனால், அது செரிக்காமல் உள்ளேயே அழுகத் தொடங்கித் திரும்ப வெளியே வரும். ஒவ்வொரு முறையும் பாம்பு இன்னும் வற்றிப்போகும். குட்டிகள் இதை அதிக நாள் தாங்காது.

அதனால் 10 முதல் 14 நாள் எதுவும் வைக்காதீர்கள். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பாம்பைத் தொடாதீர்கள். அந்த நாட்களில் காரணத்தைத் தேடுங்கள். சூடான பக்கம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறதா? கையை வைத்துப் பார்த்துச் சொல்லாதீர்கள், தெர்மாமீட்டர் வையுங்கள். இரை, பாம்பின் மிகப் பருமனான இடத்தைவிடப் பெரிதாக இருந்ததா? ஃப்ரீசரில் வைத்திருந்த இரை என்றால், நடுவில் இன்னும் உறைந்தே இருந்ததா? சாப்பிட்ட 48 மணி நேரத்துக்குள் தூக்கினீர்களா? அப்புறம் வைக்கும் முதல் இரை, வழக்கமானதில் பாதி அளவு போதும். அது வயிற்றில் தங்கினாலும் அடுத்ததற்குப் பத்து நாள் பொறுங்கள். மறுபடி கக்கினால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் பாம்பின் மலத்தோடு போங்கள். ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம்.

இரண்டு வாரப் பட்டினியை நினைத்துப் பயப்பட வேண்டாம். வளர்ந்த பால் பைத்தான் சில சமயம் மாதக்கணக்கில் தானாகவே இரையைத் தொடாது.

கவ்விய கையை வெடுக்கென்று இழுப்பது

பாம்பின் பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோல் கிழியும், அதன் பல் உடையும், தாடையும் அடிபடும். கையை அசைக்காமல் வைத்து, குளிர்ந்த தண்ணீரை அதன் தலைமேல் ஓடவிடுங்கள். சுற்றிக்கொண்டிருந்தால் வால் பக்கத்திலிருந்து பிரியுங்கள். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, பல் துண்டு தங்கியிருக்கிறதா பாருங்கள். பெரிய மலைப்பாம்புக்குத் தனியாளாக இரை வைக்கவே கூடாது.

இரண்டு பாம்புக்கு ஒரே பெட்டியில் இரை

கூடவே கூடாது. ஒரே எலியை இரு முனையிலும் கவ்வினால், ஒன்று மற்றதையும் சேர்த்து விழுங்கிவிடக்கூடும்.

உயிருள்ள எலியை விட்டுவிட்டுப் போவது

பாம்புக்குப் பசியில்லை என்றால் எலி அதன் முதுகைக் கொறிக்கும். உறையவைத்த இரைக்குப் பழக்குங்கள்.

உறைந்த இரையை மைக்ரோவேவில் சூடாக்குவது

வேண்டாம். ஓரிடம் வெந்து, ஓரிடம் உறைந்தே கிடக்கும். முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, மறுநாள் பையோடு வெதுவெதுப்பான நீரில் போடுங்கள்.

பெட்டியில் விரித்த மரத்தூள் பாம்பின் வாயில் ஒட்டினால் பிடுங்குவது

சிறு துணுக்கு உள்ளே போனாலும் பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். நீங்கள் வாயருகே கையைக் கொண்டுபோய் மிரட்டினால், விழுங்கிய எலியையே கக்கிவிடலாம்.