காவிரிக் கரையோரம் பயணம் செய்வது எப்படி?

காவிரியைக் கரையோரமாகவே பார்த்துவர விரும்புவோர், நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். ஏனெனில் மேட்டூர் அணையிலிருந்து பாசனத்திற்காக ஜூன் 12 அன்று நீர் திறப்பது மரபாக இருந்தாலும், அணையின் இருப்பைப் பொறுத்து அந்த நாள் தள்ளிப்போவதுண்டு. கடுங்கோடையில் சென்றால் திருச்சியில் பெரும்பாலும் மணலைத்தான் காண நேரிடும்.

ஒகேனக்கல்லில், அன்று பரிசல் இயக்க அனுமதி உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். நீர்வரத்து கூடினால் தடை விதித்துவிடுவார்கள். மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, அடியில் நீர் புகாதபடி போர்த்திய அந்தக் கூடையில், விளிம்பை மிதிக்காமல் நேராக நடுவில் கால் வைத்து இறங்கி உடனே அமர்ந்துவிட வேண்டும். பாறைச் சுவர்களுக்கிடையே பரிசல்காரர் அதைச் சுழற்றும்போது எழுந்து நின்று படம் எடுக்க முயல்வது வீண் வம்பு. உயிர்காப்பு உடையின் பட்டைகளைக் கரையிலேயே இறுக்கிவிடுங்கள்.

கீழே வந்தால், முக்கொம்பில் கொள்ளிடம் பிரிவதையும், கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என நீர் பங்கிடப்படுவதையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் திருவரங்கத் தீவு. ஆடிப்பெருக்கன்று சென்றால் அம்மா மண்டபப் படித்துறையை விடியுமுன்னரே அடைந்துவிடுங்கள். காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறும் வைத்துப் படைக்கும் கூட்டத்தில், பிறகு படியில் இறங்க இடமிருக்காது.