பெருந்தொற்றுக்கிடையே ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ்: 2021 டிசம்பர் பயணத்துக்கு

ஊரைத் தீர்மானிக்கும் முன் அங்கே கிறிஸ்துமஸ் சந்தை நடக்கிறதா என்று பாருங்கள். நியூரம்பெர்க், மியூனிக் சந்தைகள் இந்த ஆண்டும் ரத்து; ஸ்ட்ராஸ்பர்க்கில் நடக்கிறது.

அடுத்தது சோதனை. டிசம்பர் 16 முதல் இத்தாலிக்குள் நுழைய, தடுப்பூசி போட்டவரும் 48 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் அல்லது 24 மணி நேரத்துக்குள் எடுத்த ஆன்டிஜென் முடிவைக் காட்ட வேண்டும் என்பதால், ரயில் இத்தாலிக்குள் நுழையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுச் சோதனைக்கு நேரம் வாங்குங்கள். ஆஸ்திரியாவோ 20 முதல் பூஸ்டரோ பிசிஆரோ கேட்கிறது.

தடுப்பூசிச் சான்றிதழைத் தாளிலும் அச்சிட்டுச் சட்டைப்பையில் வையுங்கள். கடுங்குளிரில் கைப்பேசியின் பேட்டரி சட்டென இறங்கிவிடும். காபிக்கடை வாசலில் கையுறையைக் கழற்றி, விறைத்த விரலால் கியூஆர் குறியீட்டைத் தேடும்போதுதான் அந்தத் தாளின் அருமை தெரியும். துணி முகக்கவசம் ஆஸ்திரியக் கடைகளிலும் ரயில்களிலும் செல்லாது. என்95 போன்ற எஃப்எஃப்பி2 வகையே வேண்டும்.

விடுதி, ரயில் இரண்டையும், விலை சற்றுக் கூடினாலும், கடைசி நேரத்தில் ரத்து செய்யக்கூடியதாகவே பதிவு செய்யுங்கள். நெதர்லாந்து டிசம்பர் 18 மாலை ஊரடங்கை அறிவித்து, மறுநாள் அதிகாலை 5 மணிக்கே நடைமுறைப்படுத்திவிட்டது.