வரப்புக் கீரை: நான் செய்த தப்பை நீங்களும் செய்ய வேண்டாம்

போன மாதம் மன்னார்குடி பக்கம் ஒரு வயல்காட்டில் நாலைந்து இளைஞர்களோடு கீரை பார்க்கப் போனேன். கையில் போன், போனில் செடிப் படம். பெயர் பொருந்தியதும் பறித்துப் பைக்குள் போட்டுக்கொண்டே போனார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் பறித்தேன். தெரியாத செடியைத் தின்னக்கூடாது என்பதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

பச்சைப்பசேல் என்று இருக்கிறதே என்று பறிப்பது

அது குறுவை நடவுக்கு முந்தைய நாட்கள். வாய்க்கால் ஓர வரப்பில் பொன்னாங்கண்ணி தளதளவென்று நின்றது. செடியில் சந்தேகமே இல்லை: எதிரெதிர் இலை, கணுவில் ஒட்டிய வெள்ளைப் பூ. ஒரு கூடை பறித்து, பாதியைப் பிள்ளை பெற்றிருந்த அக்கா வீட்டில் கொடுத்தேன். நாலு நாள் கழித்து அதே வழியாகப் போனால், வரப்பு முழுக்க மஞ்சளாய்ச் சுருண்டு கிடக்கிறது. நான் பறித்ததற்கு முதல் நாள் சாயங்காலம் மருந்து அடித்திருக்கிறார்கள். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பச்சை உடம்புக்காரியை ஆஸ்பத்திரிக்கு அலைய வைத்ததற்காக அத்தான் இன்றும் என்னைக் ‘கீரைக்காரன்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

கிளைபோசேட் மாதிரியான களைக்கொல்லி இலை வழியாக இறங்கி வேர் வரை போகும். அடித்த அன்றே செடி வாடிவிடாது. மஞ்சளாக நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். அதுவரை மினுமினுவென்றுதான் இருக்கும். உள்ளே போனதை உப்புத் தண்ணீரில் அலசி எடுக்க முடியாது. “நல்லாக் கழுவிடுவேண்ணே” என்று போன மாதமும் ஒரு தம்பி சொன்னான். எரிச்சல்தான் வந்தது. எப்போது மருந்து அடித்தீர்கள் என்று வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பதில் என்ன கஷ்டம்? அவர் இல்லையா, சரி, அந்த வரப்பை விட்டுவிடுங்கள். வீட்டுக் கொல்லையில் கிணற்றுத் தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு தண்டை ஊன்றினால் அதே பொன்னாங்கண்ணி படர்ந்துவிடும்.

தண்டை ஒடித்துப் பார்க்காதது

பருப்புக்கீரையை ஒடித்தால் வெறும் நீர்தான் கசியும். பால் வந்தால் அது வேறு செடி.

அரைவேக்காட்டுச் சேம்பு

இலையிலும் கிழங்கிலும் ஊசி ஊசியாய்ப் படிகம் இருக்கிறது, தொண்டையை அரிப்பது அதுதான். புளி விட்டுக் குழைய வேகட்டும். அப்படியும் நாக்கு அரித்தால் அந்தக் குழம்பைக் கொட்டிவிடுங்கள், ஒரு சட்டிக் குழம்பு வீணாகிறதே என்று சாப்பிடாதீர்கள்.

செங்காந்தள் கிழங்கு

வேதாரண்யம் பக்கம் வேலியில் படர்ந்திருக்கும். வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது. தோண்டாதீர்கள்.