விழிப்போடு கனவுக்குள் போக விடாத எச்சில்

உடல் தூங்கட்டும், நினைவு மட்டும் விழித்திருந்து நேராகக் கனவுக்குள் நுழைய வேண்டும். 11 நாள் முயன்றும் நடக்கவில்லை. இரவு படுத்ததும் மனதுக்குள் எண்களை எண்ணத் தொடங்குவேன்; ஒன்று சட்டென்று தூங்கிவிடுவேன், இல்லையென்றால் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன்.

முதல் தவறு, நேரம். இரவின் தொடக்கத்தில் ஆழ்ந்த உறக்கம்தான் அதிகம். கனவு மிகுந்த ரெம் (REM) என்னும் உறக்கக் கட்டம் விடியலை ஒட்டித்தான் நீளும். அதனால் 5 மணி நேரம் தூங்கி, அலாரத்தில் எழுந்து, 20 நிமிடம் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு மறுபடி படுத்தேன். மூடிய கண்ணுக்குள் கோடுகள், முகங்கள் எல்லாம் வந்தன. ஆனால் சரியாக அந்த நேரம் பார்த்து எச்சில் விழுங்கத் தோன்றும். விழுங்கினால் எல்லாம் கலையும். அடக்கினால் இன்னும் மோசம், கவனம் முழுக்கத் தொண்டைக்குப் போய்விடும்.

நான் மல்லாந்து படுத்திருந்ததுதான் காரணம்! வலப்பக்கம் ஒருக்களித்து, தாடையைத் தளர்த்தினேன். எச்சில் தொண்டைக்கு இறங்காமல் கன்னத்தில் தேங்கியது. தலையணை நனைந்தால் நனையட்டும். எண்ணுவதையும் விட்டு, மூச்சை மட்டும் லேசாகக் கவனித்தேன்.

இப்படிப் படுக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் காதில் ஓர் இரைச்சல், உடல் மரத்தது, அப்புறம் ஒரு படிக்கட்டில் நின்றிருந்தேன். கையைப் பார்த்தேன்: ஆறு விரல். கனவுதான் என்று தெரிந்தது. அப்பாடா!