ஆஸ்திரேலியா வார டாக்டர் தம்பி தங்கச்சிகளுக்கு: கையெழுத்து போடுததுக்கு முன்னாடி சூப்பர்வைசர் யாருன்னு கேளுங்க

ஆஸ்திரேலியாவுல டாக்டரா இருக்குத நான் போன லீவுல பாளையங்கோட்டை வந்திருந்தப்ப, முருகன்குறிச்சியில நம்ம வீட்டுக்கு ஒரு தம்பி ஆஃபர் லெட்டரோட வந்தான். நம்ம ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவன்தான். "அண்ணாச்சி, வேல கெடச்சிட்டு, சம்பளமும் நல்லாருக்கு, கையெழுத்து போட்டுரட்டா?"ன்னு கேட்டான். சம்பளம் போட்டிருந்த பக்கத்த நாலு தடவ படிச்சிருக்கான், சூப்பர்விஷன், அதாவது நம்ம வேலைய ஒரு சீனியர் டாக்டர் மேற்பார்வை பாக்குதது, அதப் பத்தி இருந்த பக்கத்த பொரட்டவே இல்ல. அவன்ட்ட சொன்னதத்தான் இங்கன எழுதுதேன், ஏன்னா நானும் அன்னைக்கு அந்தப் பக்கத்த படிக்காமத்தான் கையெழுத்து போட்டேன்.

வழி என்னன்னு மொதல்ல சுருக்கமா சொல்லிருதேன். நம்ம ஊர் எம்பிபிஎஸ்னா பெரும்பாலும் ஸ்டாண்டர்ட் பாத்வேதான், அதாவது பரீட்சை எழுதிப் போகுத வழி. எபிக்குங்குற ஆன்லைன் சரிபார்ப்பு சேவை மூலமா டிகிரி சர்டிஃபிகேட்ட சரிபாக்கணும், இங்கிலீஷுக்கு ஓஇடியோ ஐஇஎல்டிஎஸ்ஸோ எழுதணும், அப்புறம் ஏஎம்சி, அதாவது ஆஸ்திரேலியன் மெடிக்கல் கவுன்சில், நடத்துத எம்சிக்யூ (சரியான விடையத் தேர்ந்தெடுக்குத பரீட்சை), 150 கேள்வி, மூணரை மணி நேரம். அது பாஸாகி ஒரு வேலையும் கையில இருந்தா லிமிடெட் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு, அதாவது சூப்பர்விஷன்ல மட்டும் வேல பாக்குத அனுமதிக்கு, போடலாம். அதுக்கப்புறம் ஏஎம்சி கிளினிக்கல் பரீட்சை, இல்லன்னா டபிள்யூபிஏ, அதாவது வார்டுல வேல பாக்கும்போதே உங்கள பாத்து மார்க் போடுதது. டபிள்யூபிஏ எல்லா ஆஸ்பத்திரியிலயும் கெடையாது, அனுமதி வாங்குன எடத்துல மட்டுந்தான், சீட்டும் கம்மி. ஆனா கெடச்சா விடாதீங்க.

இதுல முக்கியமா புரிஞ்சிக்கிட வேண்டியது என்னன்னா, லிமிடெட் ரெஜிஸ்ட்ரேஷன் உங்க பேருக்கு மட்டும் குடுக்குதது இல்ல, அந்த வேல, அந்த ஆஸ்பத்திரி, அந்த சூப்பர்வைசர் எல்லாத்தோடயும் சேத்துக் கட்டுனது. எடம் சரியில்லன்னு அடுத்த மாசமே வேற ஆஸ்பத்திரிக்கு போயிர முடியாது, டாக்டர்கள பதிவு பண்ணுத மெடிக்கல் போர்டுகிட்ட மறுபடியும் அனுமதி வாங்கணும்.

சூப்பர்விஷன்ல நாலு லெவல் உண்டு. லெவல் ஒண்ணுல ஒவ்வொரு பேஷண்டுக்கும் பொறுப்பு சூப்பர்வைசரோடது, அவர் நீங்க வேல பாக்குத எடத்துலயே இருக்கணும். ரெண்டுல பொறுப்ப ரெண்டு பேரும் பகிர்ந்துக்கிடுவீங்க, மூணுல பொறுப்பு பெரும்பாலும் உங்களோடது, அவர் போன்ல கெடச்சா போதும், நாலுல முழுப் பொறுப்பும் உங்க தலையில, அவர் பொதுவா பாத்துக்கிடுவார். ஊர்ல பத்து வருசம் பிராக்டிஸ் பண்ணுனவங்களுக்கு லெவல் ஒண்ணுன்னதும் முகம் சுருங்கிருது, ஹவுஸ் சர்ஜனா திரும்ப ஆக்கிட்டாங்களேன்னு. தயவுசெஞ்சு அப்படி நெனைக்காதீங்க. உங்க வைத்தியம் தெரியுமா தெரியாதான்னு பாக்குதது அதுல பாதிதான், அந்த ஊர் சனங்க சீக்க எப்படிச் சொல்லுவாங்கன்னு நீங்க படிக்குதது மீதிப் பாதி.

எனக்கு நடந்தத சொல்லுதேன். வந்த புதுசுல ஒரு விவசாயி, அறுபது வயசு இருக்கும், எமர்ஜென்சிக்கு தானே வண்டி ஓட்டிட்டு வந்தார். என்ன செய்யுதுன்னு கேட்டா "நாட் டூ பேட், டாக்"ங்காரு. நம்ம ஊர்ல நெஞ்சு கரிக்கின்னு சொன்னாலே நாலு பேரு சேந்து தூக்கிட்டு ஓடியாருவாங்க, அதப் பாத்துப் பழகுன எனக்கு இவரு நல்லாத்தான இருக்காருன்னு தோணிட்டு, கேஸ் ஷீட்டுல அப்படியே எழுதப் போனேன். பக்கத்துல நின்ன சீனியர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல, அவர்ட்ட மட்டும் "எந்த வேலைய பாதியில விட்டுட்டு வந்தீங்க?"ன்னு கேட்டாங்க. வேலி கட்டிட்டு இருந்தாராம், கம்பிய அப்படியே போட்டுட்டு வந்துட்டாராம். ஒடனே ஈசிஜி எடுத்தா ஹார்ட் அட்டாக். அந்த ஒரு கேள்வி எந்த எம்சிக்யூ புக்லயும் இல்ல.

ஆனா அந்த சீனியர் பேப்பர்ல என் சூப்பர்வைசர் கெடையாது. பேப்பர்ல இருந்தவரு வேற ஊர் பிராஞ்சுல இருந்தாரு, மூணு மாச ரிப்போர்ட்டுல கையெழுத்து வாங்குததுக்குள்ள எனக்கு உசுரு போயிட்டு. ராத்திரி டூட்டியில யாருக்கு போன் போடன்னு தெரியாம நின்ன நாளும் உண்டு. அதனால ஆஃபர் வந்ததும் மெயில் போட்டுக் கேளுங்க: சூப்பர்வைசர் நான் வேல பாக்குத எடத்துலயே இருப்பாரா, அவர் லீவு போட்டா பதிலுக்கு யாரு, மொதல்ல எந்த லெவல், டபிள்யூபிஏ உண்டா. கேட்டா வேல போயிருமோன்னு பயப்பட வேண்டாம், அங்க கேக்காதவனத்தான் சந்தேகமா பாப்பாங்க. ராத்திரி கன்சல்டன்ட, அதாவது பொறுப்புல இருக்குத மூத்த ஸ்பெஷலிஸ்ட, எழுப்புததும் அப்படித்தான், "சார் திட்டுவாரோ"ன்னு விடியுத வரைக்கும் காத்திருக்காதீங்க.

மேல சொன்னதெல்லாம் பாஸாகி ஏஎம்சி சர்டிஃபிகேட்டும் வாங்கி, கொறஞ்சது 47 வாரம் ஃபுல்டைமா சூப்பர்விஷன்ல வேலையும் பாத்து, ரிப்போர்ட்டும் நல்லா இருந்தா ஜெனரல் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது அந்தக் கட்டு இல்லாத முழுப் பதிவு, கேக்கலாம். அதோட எல்லாம் முடிஞ்சிதுன்னு சிட்டியில கிளினிக் போட பிளான் பண்ணிராதீங்க, வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு மெடிகேர், அதாவது அங்க உள்ள அரசாங்க மருத்துவக் காப்பீடு, அந்த பில்லிங்குல பத்து வருசக் கட்டுப்பாடு ஒண்ணு இருக்கு, டாக்டர் பத்தாத ஊர்லதான் பெரும்பாலும் பிராக்டிஸ் பண்ண முடியும். வீட்டுக்காரம்மா வேல, புள்ளைங்க ஸ்கூல் எல்லாத்தையும் இத வச்சு மொதல்லயே பேசிருங்க.

அந்தத் தம்பி நம்ம வீட்டுத் திண்ணையில இருந்தே மெயில் அடிச்சான். மூணாம் நாள் பதில் வந்துட்டு, சூப்பர்வைசர் அதே டிபார்ட்மெண்ட்தான், அவர் இல்லாதப்ப பாக்குதவங்க பேரும் போட்டிருந்துச்சு. அப்புறந்தான் கையெழுத்து போட்டான். இப்ப குட் ஸ்டாண்டிங் சர்டிஃபிகேட்டுக்கு, அதாவது டாக்டரா அவன் பேர்ல குத்தம் கொற ஒண்ணும் இல்லன்னு குடுக்குத சான்றுக்கு, அலையுதான், ரெஜிஸ்ட்ரேஷனுக்கு போடும்போது அது மூணு மாசத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், ரொம்ப முன்னாடியே வாங்கி வச்சிராதீங்க.