மெசினுக்கு ஏசுமுன்: தைக்கப் பழகுவோர் விடும் பிழைகள்

மருதமுனையில் வாங்கிய கைத்தறிப் பருத்தித் துணி. நீலத்தில் வெள்ளைக் கோடு, இரண்டரை மீற்றர். வாங்கிய அன்றே வெட்டி, அடுத்த நாள் இரவு சட்டையை முடித்து, அதைப் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலம் வரை நடந்துவிட்டும் வந்தேன். முதல் தோய்ச்சலோடு அது தங்கச்சியின் சட்டையாகிவிட்டது. அளவெல்லாம் சரியாகத்தானே எடுத்தேன் என்று நான் புலம்ப, அம்மா கேட்டார்: "அளவு கிடக்கட்டும் புள்ள, துணிய நனைச்சியா?"

நனைக்கவில்லை. சொந்தமாகத் தைக்கப் பழகுகிறவர்களிடம் நான் காணும் பிழைகளில் முக்கால்வாசி இப்படித்தான், மெசினில் உட்காருமுன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. ஏச்சு மட்டும் மெசினுக்கு.

தறியில் நீளப்பாட்டில் ஓடும் பாவு நூல் இழுத்துக் கட்டப்பட்ட நிலையிலேயே நெய்யப்படுகிறது. கஞ்சியும் சேர்ந்து அந்த இழுவையை அப்படியே பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் பட்டதும் நூல் தளர்ந்து தன் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். பருத்தி நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்குவது சாதாரணம். 40 அங்குலச் சட்டையில் 5 வீதம் என்றால் 2 அங்குலம் போச்சு. ஆகவே சட்டையைப் பிறகு எப்படித் தோய்க்கப்போகிறீர்களோ அப்படியே துணியை முதலில் தோய்த்துவிடுங்கள். கடும் சிவப்பு, கருநீலம் என்றால் தனி வாளியில். கச்சான் காற்று அடிக்கிற நாளில் காயப்போட்டால் தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் காய்ந்துவிடும். மொறுமொறுவென்று காயவிடாமல் சற்று ஈரத்தோடு எடுத்து அயன் பண்ணினால் சுருக்கம் இலகுவாகப் போகும்.

அடுத்தது, துணியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பற்றனை, அதாவது வெட்டுவதற்கான மாதிரித் தாளை, கோணலாக வைப்பது. நீளப்பாட்டு இழை சட்டையின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும், அதாவது துணியின் கரைக்குச் சமாந்தரமாக. இரண்டு விரல் சரிந்தால்கூட வெட்டும்போது தெரியாது. நாலு தரம் தோய்த்த பிறகு பக்கத் தையல் முன்னுக்குச் சுற்றி வந்து வயிற்றில் நிற்கும். கடையில் வெட்டித் தந்த ஓரத்தையும் நம்ப வேண்டாம். குறுக்கு நூல் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தால் துணியில் ஒரு கோடு விழும். அதில் வெட்டினால் அதுதான் நேர். கைத்தறியில் இது சுகமான வேலை.

அளவு எடுப்பதில் விடும் பிழை நாடாவை இறுக்கிப் பிடிப்பது என்று எல்லாரும் சொல்வார்கள். என் கணக்கில் அதைவிடப் பெரிய பிழை, எடுத்த அளவுக்கே தைப்பது. மார்புச் சுற்றளவு 36 அங்குலம் என்று வையுங்கள். முன்துண்டையும் பின்துண்டையும் இரண்டாக மடித்து வெட்டுவதால் நாலில் ஒரு பங்கு 9, தையலுக்கு அரை அங்குலம், மொத்தம் ஒன்பதரை என்று வெட்டினால் தைத்து முடிய 36 தான் இருக்கும். உடம்பும் 36, சட்டையும் 36. மூச்சு எங்கே விடுவது? இழுபடாத பருத்தித் துணிக்கு 3, 4 அங்குலம் தளர்வு வேண்டும். 4 கூட்டினால் 40, நாலில் ஒன்று 10, தையலோடு பத்தரை. இதிலே இன்னொரு பொறி இருக்கிறது. அரை அங்குலத்தில் தைக்க வேண்டியதை முக்காலில் தைத்தால் கால் அங்குலந்தானே என்று தோன்றும். இரண்டு பக்கத் தையல், ஒவ்வொன்றிலும் முன்துண்டு, பின்துண்டு. கால் அங்குலம் நாலு இடத்தில் போனால் ஒரு அங்குலம் குறைந்துவிட்டது. ஊசித்தட்டில் ஊசியிலிருந்து அரை அங்குலத் தூரத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு அதன் ஓரமாகவே துணியை ஓட்டுங்கள்.

நல்ல துணியில் கை வைக்குமுன் ஒரு பழைய சாரத்தின் மூட்டுத் தையலைப் பிரித்து, அதில் ஒருதரம் வெட்டி, பிரிக்கச் சுகமாகப் பெரிய பெரிய தையலாகப் போட்டுப் பாருங்கள். கழுத்து அகலமா, கைக்குழி பிடிக்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். சோம்பல்தான் தடை. எனக்கும்.

இனி மெசின். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877 இல். அந்தக் கறுப்புக் கால்மெசின் இன்னமும் பல வீடுகளில் மூலையில் துணி மூடிக் கிடக்கிறது. அதை எடுத்துப் பழகுகிறவர்கள் முதலில் நூல் கோத்துத் தைக்கத் தொடங்கிவிடுவார்கள். மிதித்ததும் சக்கரம் பின்னுக்குச் சுற்றும், நூல் அறும். மேற்சக்கரம் நம் பக்கம் நோக்கிச் சுற்ற வேண்டும். நூலில்லாமல் கொப்பித் தாளின் கோட்டில் ஓட்டிப் பழகுங்கள். கால் தானாகப் படியும். தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். நாளாக அது பிசினாகி மெசினை இறுக்கிவிடும். தையல் மெசின் எண்ணெய் என்றே கடையில் விற்கிறது.

துணிக்கு அடியில் நூல் குருவிக்கூடு மாதிரிச் சுருண்டால் எல்லாரும் அடிநூல் சுற்றிய பொபினைக் கழற்றித் திருகாணியைத் திருகத் தொடங்குவார்கள். அடியில் சிக்கு என்றால் குற்றம் பெரும்பாலும் மேலே. மேல்நூலை இறுக்கிப் பிடிப்பது இரண்டு சிறு தட்டுகள். துணியை அமர்த்திப் பிடிக்கும் அழுத்துக்கால் கீழே இறங்கியிருக்கும்போது அவை மூடிக்கொள்ளும்; அப்போது கோத்தால் நூல் உள்ளே போகாமல் மேலோடு நிற்கும். காலைத் தூக்கி வைத்துக்கொண்டு புதிதாகக் கோத்துப் பாருங்கள், அனேகமாகச் சரிவந்துவிடும். ஊசியும் சாகும்வரை பாவிக்கிற சாமான் அல்ல. எட்டு மணித்தியாலம் தைத்தால் மாற்றலாம். மெல்லிய வொயிலுக்கு 11 ஆம் நம்பர் ஊசி, பொப்ளின், கைத்தறிக்கு 14, ஜீன்ஸுக்கு 16.

முதல் துணியாக ஜோர்ஜட், சற்றின் என்று வழுக்குகிற துணி எடுக்கிறவர்களுக்கு என் அனுதாபம். பருத்தியில் நாலு சட்டை தைத்துவிட்டு அங்கே போகலாம். கைத்தறியிலும் ஒரு வில்லங்கம் உண்டு: நெய்தல் ஐதாக இருந்தால் ஓரம் பிரிந்து நூல் நூலாக உதிரும். ஓரம் பின்னும் ஓவர்லொக் மெசின் இல்லாத வீட்டில் இப்படிச் செய்யலாம். துணியின் நல்ல பக்கங்கள் வெளியே தெரிய வைத்து கால் அங்குலத்தில் ஒரு தையல். பிசிறை ஒட்ட வெட்டி, உட்புறமாகத் திருப்பி, இன்னும் கால் அங்குலத்தில் மறு தையல். பிசிறு முழுக்க உள்ளே அடங்கிவிடும். இதற்கும் அதே அரை அங்குலந்தான் போகிறது.

ஒவ்வொரு தையலையும் அடுத்தது குறுக்கே வருமுன் அயன் பண்ணுங்கள். மின்சாரச் செலவென்று வீட்டில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

கீழ் மடிப்பு கடைசி. விரிந்த பாவாடை, இழைக்குச் சரிவாக வெட்டிய சட்டை என்றால் அன்றே மடித்துத் தைக்கக் கூடாது. ஓர் இரவு கொழுவியில் தொங்கவிடுங்கள். சரிவாக வெட்டுப்பட்ட இடங்கள் தம் பாரத்தில் கீழே இறங்கும், மற்ற இடங்கள் அப்படியே நிற்கும். காலையில் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள். வீட்டில் ஒருவர் நிலத்திலிருந்து அடிமட்டம் வைத்துச் சுற்றிவரச் சோக்கால் குறிக்கட்டும். எனக்கு அம்மாதான் குறிப்பார். அசையாதே என்று அதட்டிக்கொண்டு.