படியில் உட்காராதீர்கள், முதலில் வணக்கம் சொல்லுங்கள்

புதுச்சேரி ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரும் வாசலில் காகிதப்பூக் கொடியும் உள்ள வீடு என்றால் சனி, ஞாயிறு நிம்மதி போயிற்று. என் பெரியம்மா வீடு அப்படிப்பட்டது. கதவைத் திறந்தால் படியில் யாராவது போஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். "கொஞ்சம் நகருங்கப்பா, பால் வாங்கப் போகணும்" என்று அவர் கெஞ்ச வேண்டும்.

இதைப் பார்த்து வளர்ந்த நானே பாரிஸின் க்ரெமியூ தெருவில் அதையே செய்தேன். வண்ண வண்ண வீடுகள் உள்ள தெரு. படமெடுக்கும் கூட்டம் தாங்காமல் 2019-இல் அங்கே குடியிருப்போர் வார இறுதியில் தெருவையே கேட் போட்டு மூடச் சொன்னார்கள். நான் உட்கார்ந்திருந்த படியின் கதவு திறந்ததும் எனக்குப் பெரியம்மா முகம்தான் தெரிந்தது.

ஆகவே, எந்த ஊரானாலும் எதிர்ப்பக்கம் நின்று படமெடுங்கள். வீட்டு ஆள் தென்பட்டால் கேட்டுவிடுங்கள். ஜப்பானில் க்யோட்டோவின் கியோன் பகுதியில், தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகையே இருக்கிறது.

அப்புறம், பிரான்சில் கடைக்குள் நுழைந்ததும் முதல் வார்த்தை "போன்ழூர்", அதாவது வணக்கம். விலை கேட்பதெல்லாம் அதற்குப் பிறகு. நான் நேராகத் தண்ணீர் பாட்டில் கேட்டேன். கடைக்காரர் "போன்ழூர்" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். நானும் சொன்னேன். பாட்டில் வந்தது.